இரண்டு கோயிலில் ஒரு சின்னையா

அத்தியாயம் 11

அன்று காலை கணவர் மாதவன் இட்லி சாப்பிடுவதைப் பார்க்கவே மகாலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. வலது கையால் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, இடது கை விரல்களால் செல்போன் திரையை அகட்டி அகட்டித் தன் பெயரையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். கைலாசபுரம் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். தன் பெயரைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ள அவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை.

“ஃபான்ட் இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்” என்றார்.

மகாலட்சுமி சட்னிக் கிண்ணத்தை மேஜையில் வைத்த சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது போன வாரம் வாட்ஸப்பில் வந்து இறங்கிய, இன்னும் அச்சுக்குப் போகாத அழைப்பிதழ். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் செல்லாயி அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பங்காளிகள் அத்தனை பேரின் பெயரும் வரிசையாக இருக்கிறது. முதல் மரியாதையான பரிவட்டம் திரு. மாதவனுக்கு. காந்தி மார்க்கெட்டில் வாழை இலை வியாபாரம் செய்யும் அடைக்கலத்தின் பெயர் எங்கேயும் இல்லை.

அடைக்கலம் வயதில் இளையவன்தான். ஆனால் வம்சத்தில் அவனுடையது மூத்த கொடி. ஊரை விட்டு வந்து எத்தனை தலைமுறை ஆனாலும் இது பங்காளிகளுக்கு மனப்பாடம்: கோயில் கல்வெட்டில் பெயர் இருக்கும் சின்னையா என்ற மூதாதைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் ராசப்பன் வழியில் அடைக்கலம். இளையவர் குழந்தைவேலு வழியில் மாதவன். பரிவட்டம் மூத்த கொடிக்குத்தான் போக வேண்டும்.

அதைத் தன் தலைக்குக் கொண்டுவர மாதவன் என்ன செய்தார் என்பதைத்தான் போன வாரம் பார்த்தோம். அடிவாரத்துக் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் பிடித்து ஜெராக்ஸ் எடுத்து வந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தில், அதே ஊரைச் சேர்ந்த சின்னையா என்பவன், பெண்டாட்டி பெயர் பாப்பாயி, தன் ஏக குமாரன் ராசப்பனோடு ஞானஸ்நானம் பெற்றான் என்று அதில் இருந்தது.

மாதவனின் கணக்கு இதுதான். நம்முடைய சின்னையாவுக்கு இரண்டு பிள்ளைகள். இதில் ஏக குமாரன் என்று இருக்கிறது. ஆகவே இவன் வேறு சின்னையா. நம்முடைய ராசப்பன் பஞ்சத்திலேயே செத்துப்போனார். அடைக்கலம் இந்த வேற்றுச் சின்னையாவின் வழி, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவனின் வழி. பங்காளியே இல்லை.

“அடைக்கலங்கிற பேரே வேதக்காரப் பேருன்னு சொல்லுதே” என்றார், இன்றைக்கும்.

“உங்க அத்தையைக் கட்டினவர் பேரும் அடைக்கலம்தான். பட்டை போடாம வாசலைத் தாண்ட மாட்டார்.”

“அது வேற, இது வேற.”

“எல்லாமே உங்களுக்கு வேற வேறதான்.”

“லட்சுமி, சாயங்காலம் பங்காளிங்க வர்றாங்க. பட்டியலை முடிவு பண்ணி அச்சுக்குக் குடுக்கணும். கேசரி பண்ணு. முந்திரி நிறையப் போடு.”

தம்பி முறையுள்ள ஒருவனை வம்சத்தை விட்டே வெட்டி எறிவதற்குக் கேசரி. மகாலட்சுமி தன் காபியை சிங்க்கில் கொட்டினாள்.

அப்போதுதான் வள்ளிக்கண்ணு போன் செய்தாள். அடைக்கலத்தின் ஒரே மகள். சாலை ரோடு என்கிற தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலை. அடுத்த மாதம் அவளுக்கும் கைலாசபுரம் பூவரசனுக்கும் கல்யாணம்.

“பெரியம்மா, பேசலாமா? பெரியப்பா பக்கத்துல இருக்காங்களா?”

மகாலட்சுமி போனோடு பால்கனிக்குப் போனாள். “சொல்லு.”

“பூவரசன் அம்மா அந்த அழைப்பிதழைப் பாத்துட்டாங்க. யாரோ அனுப்பியிருக்காங்க. ‘பங்காளிங்களே ஒதுக்கி வெச்ச வீடுன்னா அதுல என்னமோ இருக்கு. குலதெய்வமே இல்லாத வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்கறது’ன்னு கேக்குறாங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ள பதில் வேணுமாம்.”

“பூவரசன் என்ன சொல்றான்?”

“அழறாரு” என்றாள் வள்ளிக்கண்ணு, கொஞ்சம் சலிப்பாக. “பெரியம்மா, எங்க அப்பா தட்டுல சோத்தை மிச்சம் வெச்சா எப்படித் திட்டுவாருன்னு தெரியுமா? ‘ரெண்டு கோயில் கஞ்சி குடிச்சுப் பொழைச்ச வம்சம்டி, வழிச்சுச் சாப்பிடு’ம்பாரு. பெரியப்பா காட்டுனது ஒரு கோயில். இன்னொண்ணு எது? விசாரிச்சேன். அந்தப் பக்கத்துல வெள்ளைக்கார மிஷன் கோயிலும் ஒண்ணு இருந்துச்சாம். அதோட ஞானஸ்நானப் புஸ்தகமெல்லாம் இப்ப கண்டோன்மென்ட்ல ஒரு ஆபீஸ்ல இருக்காம். நீங்க வர்றீங்களா? பழைய கையெழுத்து எனக்குப் படிக்க வராது.”

மகாலட்சுமிக்குப் படிக்க வரும். ரேஷன் கடையில் விற்பனையாளராகத் தலை நரைக்கும் வரை இருந்தவள். டாக்டர் எழுத்தைவிட மோசமான எழுத்தையெல்லாம் பார்த்தவள்.

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடறேன். அங்கேயே நில்லு” என்றாள். கேசரிக்கு ரவை எடுத்து வைத்திருந்த டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

மிஷன் ஆபீஸில் இருந்தவர் பெயர் அமிர்தராஜ். மேஜைக்கு மேலே ஓடாத ஒரு ஃபேன். அதை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுளித்தது.

“ஏம்மா, இப்பல்லாம் இங்க யாருமே ஒருத்தரைச் சேத்துக்கறதுக்காக வர்றதில்ல. எல்லாரும் ஒருத்தரை வெளிய தள்றதுக்குத்தான் வர்றாங்க. சொத்துக்கு ஒருத்தன், ஜாதிக்கு ஒருத்தன். செத்தவங்க பேரைப் புரட்டிப் புரட்டி எனக்கே வெறுத்துப்போச்சு.”

“நாங்க சேக்கறதுக்குத்தான் வந்திருக்கோம்” என்றாள் மகாலட்சுமி.

நம்பாத முகத்தோடுதான் எடுத்து வந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்த பெரிய புத்தகம். அந்தக் காலத்தில் ஊர் ஊராக வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் ஒருவர் தமிழில் எழுதியது. பஞ்ச வருஷத்துப் பக்கங்களில் மட்டும் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. மற்ற வருஷங்களில் பத்துப் பேருக்கு மேல் இல்லை. இந்த ஒரு வருஷத்துக்குப் பக்கம் போதவில்லை. பல பெயர்களுக்கு எதிரே பின்னால் வேறு மையில் எழுதியிருந்தது: பஞ்சம் தீர்ந்தபின் வரவில்லை.

மகாலட்சுமி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“சின்னையா. பெண்டாட்டி பாப்பாயி. ஏக குமாரன் குழந்தைவேலு, வயசு ஏழு.”

வள்ளிக்கண்ணு குனிந்து பார்த்தாள். “குழந்தைவேலுன்னா பெரியப்பாவோட கொள்ளுத்தாத்தா இல்ல?”

“ஆமா.”

“இங்கயும் ஒரே பிள்ளைன்னு இருக்கு. அங்கயும் ஒரே பிள்ளைன்னு இருக்கு. அப்ப நிஜமாவே ரெண்டு சின்னையாவா பெரியம்மா? பெரியப்பா சொல்றதுதான் சரியா?”

மகாலட்சுமி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ராசப்பன், இங்கே குழந்தைவேலு. ஊர் ஒன்று. பஞ்சம் ஒன்று. பாப்பாயி ஒருத்தி.

சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

“கார்டைப் பிரிச்சிருக்கான்டி” என்றாள்.

“என்னது?”

“ரேஷன் கார்டு பிரிக்கிற வேலை. எத்தனை வீட்டைப் பாத்திருக்கேன். மாமியாருக்கு ஒரு கார்டு, மருமகளுக்கு ஒரு கார்டு. விசாரிக்கப் போனா உள்ள அடுப்பு ஒண்ணுதான் எரியும். சின்னையா அதைத்தான் பண்ணியிருக்கான். அங்க கோயில்ல சேந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்துறவங்ககிட்ட மூத்தவனைக் கூட்டிக்கிட்டுப் போயி ‘எனக்கு இவன் ஒருத்தன்தான் சாமி’ன்னு சொல்லியிருக்கான். இங்க இளையவனைக் கூட்டிட்டு வந்து ‘இவன் ஒருத்தன்தான் ஐயா’ன்னு சொல்லியிருக்கான். ரெண்டு பேருன்னு சொல்லியிருந்தா இன்னொருத்தன் எங்கேன்னு கேட்டிருப்பாங்க. ரெண்டு சட்டி கஞ்சி, ஒரு வீடு.”

அமிர்தராஜ் விசிறுவதை நிறுத்தியிருந்தார்.

ஒரு தகப்பன் இரண்டு இடத்திலும் தன் பிள்ளைகளில் ஒருவனை இல்லையென்று சொல்லியிருக்கிறான். சொல்லும்போது அவன் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாள் மகாலட்சுமி. அப்படிப் பொய் சொல்லிக் காப்பாற்றிய இரண்டு பிள்ளைகளின் வம்சத்தில்தான் இன்றைக்கு ஒருவர் பரிவட்டத்துக்காக இன்னொருவரை இல்லை என்கிறார்.

“இதை எங்க வீட்டுக்காரர்கிட்டக் காட்டினாப் போதும். அவர் காட்டுற காகிதத்துல என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியல. தெரிஞ்சா மாறிடுவார்” என்றாள். ஜெராக்ஸ் கிடைக்குமா என்று கேட்டாள்.

அமிர்தராஜ் தலையைச் சொறிந்தார். “அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு மாதவனா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போன மாசமே வந்தாரே. இதே பக்கத்தைத்தான் பாத்தாரு. போட்டோ எடுத்துக்கிட்டாரு. ஆபீசுக்குப் புது ஃபேன் வாங்கித் தர்றேன்னாரு, இன்னும் வரல.” தன் செல்போனைத் தேடி எடுத்து அவள் பக்கம் திருப்பினார். மாதவன் அனுப்பிய செய்தி. இந்தப் பக்கத்தை வேறு யாராவது வந்து கேட்டால் தயவுசெய்து எனக்கு உடனே தெரிவிக்கவும்.

மகாலட்சுமி அதை இரண்டு தடவை படித்தாள்.

மாதவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன் கொள்ளுத்தாத்தாவும் வேதத்தில் சேர்ந்தவர்தான் என்று தெரிந்தே, மற்றவனுடைய கொள்ளுத்தாத்தாவின் காகிதத்தை மட்டும் ஊருக்குக் காட்டியிருக்கிறார். தெரிந்தே தினமும் காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இட்லி தின்றிருக்கிறார். அறியாமல் செய்தார் என்று இவ்வளவு நேரம் மனதுக்குள் வைத்திருந்த ஒரே சமாதானமும் போய்விட்டது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டா இத்தனை வருஷம் ரோட்டைக் கடந்தோம் என்று இருந்தது.

“நான் இப்ப அவருக்குச் சொல்லணுமா, வேண்டாமா?” என்றார் அமிர்தராஜ், தயக்கத்தோடு.

“சொல்லிடுங்க. அவர் சம்சாரம் வந்து பாத்துட்டுப் போச்சுன்னே சொல்லுங்க.”

காந்தி மார்க்கெட்டுக்குள் மத்தியான வெயிலில் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் மூக்கைத் துளைத்தது. காலடியில் மிதிபட்ட தக்காளி. மகாலட்சுமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வள்ளிக்கண்ணுவின் பின்னால் நடந்தாள். கழுவினால் போய்விடுகிற அழுக்கு இதெல்லாம் என்று தோன்றியது.

அடைக்கலம் இலைக்கட்டு ஒன்றை அவிழ்த்துக் கிழிந்த இலைகளைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“உக்காருங்க அண்ணி. மோர் சொல்லட்டுமா?”

“ஒண்ணும் வேணாம் தம்பி.” நடந்ததைச் சொன்னாள். மாதவன் முன்பே வந்து பார்த்துவிட்டுப் போனதை மட்டும் சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அதையும் சொன்னாள். மறைக்கிற வேலையை வீட்டில் ஒருவர் செய்தால் போதும்.

அடைக்கலம் கோபப்படவில்லை. இலைகளை எடுப்பதை மட்டும் நிறுத்தினான்.

“அண்ணி, நான் பரிவட்டம் கேட்டேனா? ஆடியிலயே அண்ணன்கிட்டப் போயி சொன்னேன். ‘மூத்த கொடி, இளைய கொடியெல்லாம் வேணாண்ணே, நீங்க படிச்சவங்க, நீங்களே கட்டிக்குங்க. பொண்ணுக்குக் கல்யாணம் வருது, வரிசையில கடைசியிலயாவது என் பேரைப் போடுங்க, பொங்கப் பானை வைக்க ஒரு இடம் குடுங்க, அது போதும்’னேன்.”

“இது எனக்குத் தெரியாதே. அவர் என்ன சொன்னார்?”

“‘உன் பேரு வரிசையில இருந்தா, மூத்த கொடி இருக்கும்போது இளைய கொடிக்கு எப்படிப் பரிவட்டம்னு நாளைக்கு எவனாவது கேப்பான். அதனால பேரே இருக்கக் கூடாது’ன்னாரு. எனக்குப் புரியல அண்ணி. விட்டுக் குடுக்கறேன்னு சொன்னதுக்கப்புறமும் ஏன் என்னை ஒழிக்கணும்?”

மகாலட்சுமியால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துகொண்டாள். அடைக்கலம் விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொண்டால் அது பிச்சை மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார் மாதவன். அதற்கு ஒரு குடும்பத்தின் வேரையே அறுத்துப் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். இப்படிப்பட்டவரோடுதான் ஒரே பீரோவில் துணி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

“நீ வேலையைப் பாரு தம்பி. வள்ளிக்கண்ணு, வண்டியை எடு.”

அம்மாமண்டபம் ரோட்டு அபார்ட்மென்ட்டில் அவர்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. வள்ளிக்கண்ணுவைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு மகாலட்சுமி மட்டும் மாடிக்கு ஏறினாள்.

கூடத்தில் பங்காளிகள் ஐந்தாறு பேர். கேசரி கடையிலிருந்து வந்திருந்தது, முந்திரி தூக்கலாக. மாதவன் அவளைப் பார்த்த பார்வையிலேயே அமிர்தராஜ் போன் செய்துவிட்டார் என்று தெரிந்தது. கலவரம் இல்லை, வெட்கம் இல்லை. நன்றாகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“வா லட்சுமி. காலையிலருந்து அலையுறே. மாத்திரை போட்டியா?” என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பினார். “கொஞ்ச நாளா இவளுக்கு பிரஷர். என்னென்னமோ பேசுறா. டாக்டர்கிட்டக் காட்டணும்.”

பெரியவர்கள் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். ஒருவர் ‘உப்பைக் குறைக்கணும்’ என்றுகூடச் சொன்னார்.

மகாலட்சுமி வாயைத் திறக்கும் முன்பே மாதவன் அதைப் பைத்தியக்காரியின் வாயாக்கிவிட்டார். எவ்வளவு சுலபமாகச் செய்கிறார் என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

“மிஷன் கோயில் புஸ்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு இவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“எந்த மிஷன் கோயில்?”

“நீங்க ஃபேன் வாங்கித் தர்றதாச் சொல்லிட்டு வந்த கோயில்.”

துறையூரிலிருந்து வந்திருந்த பெரியவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். “என்னப்பா மாதவா?”

“ஒண்ணுமில்ல பெரியப்பா. அங்கயும் ஒரு சின்னையா பேரு இருக்கு. அது இன்னொரு சின்னையா. அந்தக் காலத்துல தெருவுக்கு ஒரு சின்னையா.”

“அந்தச் சின்னையாவுக்குப் பிள்ளை பேரு குழந்தைவேலு” என்றாள் மகாலட்சுமி. “உங்க கொள்ளுத்தாத்தா. பொண்டாட்டி பேரு பாப்பாயி. அங்கயும் பாப்பாயி, இங்கயும் பாப்பாயி, நம்ம கோயில் கல்வெட்டுலயும் பாப்பாயி. உங்க கணக்குப்படி சின்னையா மூணு பேரு. அந்தப் பொம்பளை மூணு பேரு கூடவுமா குடும்பம் நடத்தினா? தலையில கட்டுற ஒரு துணிக்காக உங்க தாத்தாவோட பாட்டியைப் பத்தி இந்தப் பேச்சு பேச வைக்கிறீங்களே, நாக்கு கூசலையா?”

மகாலட்சுமி கார்டு பிரித்த கதையைச் சொன்னாள். இரண்டு கோயில், இரண்டு சட்டி, ஒரு அடுப்பு. சொல்லச் சொல்ல அவள் கணவரின் முகம் ஒரு மாதிரி கோணியது. இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அவருக்கும் அருவருப்பு வந்திருந்தது. அது எதற்காக என்று அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

“கஞ்சிக்காகவா? எங்க வம்சம் கஞ்சிக்குக் கையேந்துன வம்சம்னு அச்சடிச்சு ஒட்டணுமா?” என்றார். “வாயை மூடு லட்சுமி.”

“கையேந்தினதாலதான் நீங்க பொறந்தீங்க. அவன் ரெண்டு பிள்ளையும் பொழைக்கணும்னு பொய் சொன்னான். நீங்க எதுக்குச் சொல்றீங்க?”

துறையூர்ப் பெரியவர் தொண்டையைச் செருமினார். ஏதோ நியாயம் சொல்லப் போகிறார் என்றுதான் மகாலட்சுமி நினைத்தாள். “விடும்மா. இவ்வளவு தூரம் வந்தாச்சு. கும்பாபிஷேகம் நல்லபடியா நடக்கட்டும். அடைக்கலத்தை அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார். கும்பாபிஷேகத்தின் அடுத்த தடவை பன்னிரண்டு வருஷம் கழித்து. பந்தல் செலவு முழுக்க மாதவனுடையது என்பது அப்போதுதான் மகாலட்சுமிக்கு நினைவு வந்தது. கேசரித் தட்டு மறுபடி அவர் கைக்குப் போனது.

அவளுக்கு அந்தக் கூடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை.

“சரி. பரிவட்டத்தை நீங்களே கட்டிக்குங்க” என்றாள் கணவரிடம். “சங்கல்பத்துக்கு உக்காரும்போது பக்கத்துல பொண்டாட்டி உக்காரணும். நான் வரமாட்டேன்.”

இதற்காவது அதிர்வார் என்று நினைத்தாள். மாதவன் அசையவில்லை.

“மத்தியானமே குருக்கள்கிட்டக் கேட்டுட்டேன். பொண்டாட்டி வர முடியாட்டி தர்ப்பையைப் பக்கத்துல வெச்சுக்கலாமாம். சாஸ்திரத்துல இடம் இருக்கு.”

போன் வந்த உடனேயே கேட்டிருக்கிறார். அவள் என்ன சொல்வாள் என்று யோசித்து, அவள் இடத்தில் ஒரு பிடி புல்லை வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று முடிவு செய்து, அதற்குப் பிறகு கேசரிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். மகாலட்சுமிக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு நாள் உப்புப் பார்த்து, காரம் பார்த்து, சட்டைக்குப் பட்டன் தைத்துப் போட்டதெல்லாம் வாய்க்குள் கசப்பாகத் திரண்டது.

“புல்லுன்னா எதுத்துப் பேசாது. நல்லா வெச்சுக்குங்க” என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே வள்ளிக்கண்ணு ஸ்கூட்டரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “என்ன ஆச்சு பெரியம்மா?”

“கைலாசபுரத்துக்கு விடு. பூவரசன் வீட்டுக்கு.”

“இப்பவா? நீங்களா? பெரியப்பா…”

“அவரைப் பத்தி இன்னைக்கு என்கிட்டப் பேசாத.”

காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. தஞ்சாவூர் ரோட்டு நெரிசலைத் தாண்டிக் கைலாசபுரம் டவுன்ஷிப்புக்குள் திரும்பியதும்தான் வள்ளிக்கண்ணு மெதுவாகக் கேட்டாள்.

“கஞ்சி விஷயத்தையும் சொல்லப் போறீங்களா? ரெண்டு கோயில்ல சேந்ததையும்? அவங்க அதுக்கே வேணாம்னு சொல்லிட்டா?”

மகாலட்சுமிக்கும் அதுதான் பயம். பாதியை மட்டும் சொன்னால் கல்யாணம் நடந்துவிடலாம். பாதியை மட்டும் சொல்வது எப்படி என்று அவள் வீட்டிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார்.

“சொல்லித்தான் ஆகணும். நாளைக்கு வேற எவனாவது வந்து சொல்றதுக்குள்ள நானே சொல்லிடறேன். உனக்குச் சம்மதமா?”

வள்ளிக்கண்ணு கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். “சொல்லுங்க” என்றாள்.

மாமரமும் இரும்புக் கேட்டும் உள்ள குவார்ட்டர்ஸ். பூவரசனின் அம்மா ராசாத்தி கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். திறக்கவில்லை. வள்ளிக்கண்ணுவைப் பார்த்து அரைச் சிரிப்பு. மகாலட்சுமியை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க?”

“மாதவன் சம்சாரங்க. அந்த அழைப்பிதழ்ல பரிவட்டம்னு போட்டிருக்கே, அவர் வீடு.”

ராசாத்தியின் முகம் மாறியது. “அப்ப உங்களுக்கும் இந்தப் பொண்ணுக்கும்…”

“நான் இவளுக்குப் பெரியம்மா. பங்காளி வீடு. நீங்க யாருகிட்ட விசாரிச்சாலும் இதை நான் சொன்னேன்னு சொல்லுங்க.” கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொண்ணும் இருக்குங்க. பஞ்சத்துல ரெண்டு கோயில்ல ஞானஸ்நானம் வாங்கி, ரெண்டு இடத்துலயும் கஞ்சி வாங்கிப் பிள்ளைங்களைக் காப்பாத்தின வம்சம் நாங்க. இவளும் அதே வம்சம், என் வீட்டுக்காரரும் அதே வம்சம். இதையும் கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணுங்க.”

ராசாத்தி வள்ளிக்கண்ணுவை ஒரு தடவை பார்த்தாள். கை கேட்டுக் கொக்கிக்குப் போனது, பிறகு திரும்பி வந்துவிட்டது.

“ஒரு நிமிஷம் இருங்க. அவர் உள்ள போன்ல இருக்காரு. கேட்டுட்டு வந்துடறேன்” என்று சொல்லி உள்ளே போனாள்.

கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. பூவரசனின் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்திருந்தார்.

“…தப்பா நினைக்காதீங்க சார், ஒரே ஃபேக்டரியில வேலை பாத்தவங்க நாம, அந்த உரிமையில சொல்றேன். அவங்க எங்க பங்காளியே கிடையாது. ஒரு பொம்பளை இப்ப அங்க வரும். என் சம்சாரம்னு சொல்லும். பாவம், அதுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல…”

குரல் பதறவில்லை. மாத்திரை போட்டியா என்று கேட்ட அதே குரல்.

வள்ளிக்கண்ணு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “போயிடலாம் பெரியம்மா.”

மகாலட்சுமி கையை விடுவித்துக்கொண்டாள். கம்பிக்கு நடுவே விரலை விட்டு, கேட்டின் கொக்கியைத் தானே தூக்கி, உள்ளே நடந்தாள்.